ஒட்டோமான் படைக்கு வண்ணம் பூசுவது எப்படி: முதல் ஜானிசரியிலிருந்து கடைசிக் கொடி வரை

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காக ஒட்டோமான் (பழைய துருக்கியப் பேரரசு) பொம்மைப் படை தொடங்கிய பலர் முதல் ஆறு பொம்மைகளை ஆசை தீரப் பூசிவிட்டு, ஏழாவதில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கை வராததால் நிற்பதில்லை. வேலையின் வரிசை பிசகிவிடுகிறது. ஆளுக்கொரு நிறம் என்று தொடங்கிவிட்டு, அடுத்தவனுக்கு என்ன நிறம் என்று ஒவ்வொரு முறையும் யோசித்தால் 60 பொம்மைகளை யாராலும் முடிக்க முடியாது.

இங்கே சொல்வது ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயரமுள்ள பொம்மைகளுக்கான முறை. 15 மில்லிமீட்டருக்கும் இதே வரிசைதான். வண்ண அடுக்குகளில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

1. முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள்

கான்ஸ்டான்டிநோபிள் விழுந்தது 1453. வியன்னாவின் இரண்டாம் முற்றுகை 1683. இடையில் 230 ஆண்டுகள். "ஒட்டோமான்" என்று பெட்டியில் எழுதியிருப்பதால் மட்டும் இரண்டு பெட்டிகள் ஒரே படையில் சேர்ந்துவிடாது. துப்பாக்கி, கவசம், தொப்பி எல்லாமே இந்தக் காலத்தில் மாறின.

நான் பரிந்துரைப்பது 1526. அந்த ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று மொஹாச் களத்தில் சுல்தான் சுலைமானின் படை ஹங்கேரி மன்னர் இரண்டாம் லாயோஷின் படையை உடைத்தது. ஜானிசரி என்பவர் சுல்தானின் நிரந்தரக் காலாட்படை வீரர். இந்த ஆண்டை எடுத்தால் வில்லேந்திய ஜானிசரியும் துப்பாக்கி ஏந்திய ஜானிசரியும் ஒரே அணியில் நிற்கலாம். கவசக் குதிரைப்படையும் பீரங்கியும் சேர்ந்துகொள்ளும். வேலை சலிக்காது.

வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, சிபாஹி என்பவர் குதிரைவீரர். நம் 'சிப்பாய்' அதே பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததால் காலாள் என்று நினைத்து ஆர்டர் செய்தவர்கள் உண்டு. இரண்டு, தலைப்பாகையின் நடுவிலிருந்து சிவப்புக் கோல் போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது பாரசீக சஃபாவி வீரன், கிஸில்பாஷ். 1514இல் சால்டிரானில் ஒட்டோமான்களின் எதிர்ப்பக்கம் நின்றவன். அவனை இந்தப் படையில் சேர்த்தால் விவரம் தெரிந்தவர் கண்ணில் முதலில் அதுதான் படும்.

தொடக்கத்துக்கு 24 ஜானிசரிகள், 24 சிபாஹிகள், 12 அசாப் காலாட்கள், ஒரு பீரங்கி, ஒரு தளபதி போதும். பொம்மைகளை ஒட்டி நிறுத்தும் அடித்தட்டான பேஸின் அளவை உங்கள் விளையாட்டின் விதிநூலில் பார்த்து, வண்ணம் தொடும் முன்பே வாங்கி வையுங்கள். பல விதிநூல்கள் 28 மில்லிமீட்டருக்கு 60 மில்லிமீட்டர் அகலமும், 15 மில்லிமீட்டருக்கு 40 மில்லிமீட்டர் அகலமும் கேட்கின்றன. பேஸில் எத்தனை பேர் நிற்கப்போகிறார்கள் என்பதை வைத்துத்தான் நிறங்களைப் பங்கிட முடியும்.

2. மேசையில் இருக்க வேண்டியவை

தூரிகை மூன்று போதும். நல்ல முடித் தூரிகையில் 1 எண் ஒன்று, 0 எண் ஒன்று, டிரை பிரஷ் செய்ய (வண்ணத்தைத் துடைத்துவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் தடவ) மலிவான தட்டைத் தூரிகை ஒன்று. புதியவர்கள் கண் வரைவதற்காக முதலில் 000 எண்ணைத்தான் வாங்குகிறார்கள். அதில் வண்ணம் நிற்காது. பொம்மையைத் தொடும் முன்பே நுனி காய்ந்துவிடும். நுனி கூராக நிற்கும் 1 எண் தூரிகையால் கண்ணும் வரையலாம், கோட்டும் பூசலாம்.

அக்ரிலிக் வண்ணங்கள், பழுப்பு வாஷ் (பள்ளங்களில் தங்கி நிழல் தரும் நீர்த்த வண்ணம்) ஒரு புட்டி, மேட் வார்னிஷ், கிளாஸ் வார்னிஷ், சூப்பர் குளூ, ஃபெவிகால், சந்து அடைக்க எம்-சீல். வண்ணம் காயாமல் வைக்கும் ஈரத் தட்டைக் கடையில் வாங்கத் தேவையில்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் டிபன் பாக்ஸில் பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சை நனைத்து வைத்து, மேலே பேக்கிங் தாளை விரித்தால் போதும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பூசுகிறவர்களுக்கு இது இல்லாமல் வேலையே நடக்காது. சாதாரணத் தட்டில் வண்ணம் ஐந்து நிமிடத்தில் தோல் கட்டிவிடும்.

3. முழுப் படைக்கும் நிறங்களை எழுதி வையுங்கள்

தூரிகையைத் தொடும் முன் ஒரு தாளை எடுங்கள். இதைச் செய்யாமல் தாண்டுகிறவர்கள்தான் ஏழாவது பொம்மையில் நிற்கிறார்கள்.

நவீன ராணுவம் போல எல்லாரும் ஒரே நிறம் என்பது இந்தப் படைக்குப் பொருந்தாது. அதற்காக வண்ணப் பெட்டியில் உள்ளதையெல்லாம் கொட்டினால் மேசையில் ஹோலிப் பண்டிகை மாதிரி இருக்கும். என் பட்டியலில் ஏழு நிறங்கள்தான்: செங்கல் சாயலுள்ள சிவப்பு, அடர் குங்குமச் சிவப்பு, அவுரி நீலம், அடர் பச்சை, கடுகு மஞ்சள், தந்த வெள்ளை, பழுப்பு.

ஏன் இவை? அன்றைய துணிச்சாயம் செடியிலிருந்தும் பூச்சியிலிருந்தும் வந்தது. அனத்தோலியாவின் சிவப்பு, நம் மஞ்சிட்டியின் உறவுச் செடி ஒன்றின் வேரிலிருந்து வந்தது. அதனால் கொஞ்சம் செங்கல் சாயல் இருக்கும். புட்டியைத் திறந்ததும் கண்ணைப் பறிக்கிற சிவப்பில் ஒரு துளி பழுப்பு கலந்தால் அந்தச் சாயலுக்கு வந்துவிடும்.

ஜானிசரிகளுக்குச் சிவப்பு கோட்டு மூன்றில் இரண்டு பங்கு, நீலம் ஒரு பங்கு என்று நான் வைக்கிறேன். அவர்களுக்கு அரசே துணி வழங்கியது, ஆகவே அணியில் ஒற்றுமை தெரிய வேண்டும். சிபாஹி அப்படியில்லை. மாகாணச் சிபாஹி தன் நில வருமானத்தில் தானே ஆடை வாங்கி அணிந்தவன். அங்கே என் விதி இதுதான்: பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவருக்கு ஒரே மேலங்கி நிறம் வரக்கூடாது; ஒருவனின் உள்ளங்கி நிறம் இன்னொருவனின் மேலங்கியில் திரும்ப வர வேண்டும். ஆளுக்கு ஆள் வேறாகத் தெரியும், ஆனால் மூன்றடி தள்ளிப் பார்த்தால் ஒரே படையாகச் சேர்ந்து நிற்கும்.

தலைப்பாகைகள் வெள்ளை. பச்சைத் தலைப்பாகை நபிகளின் வழித்தோன்றல்களான சையிதுகளுக்கு உரியது. அழகாக இருக்கிறதே என்று வரிசை முழுக்கப் பச்சை பூசாதீர்கள்.

4. கழுவுங்கள், சுரண்டுங்கள், பாதிதான் ஒட்டுங்கள்

உலோகப் பொம்மையானாலும் ரெசினானாலும், பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து பொம்மை எளிதாகக் கழல்வதற்குப் பூசிய பொருள் மேலே ஒட்டியிருக்கும். அதன்மேல் பூசிய வண்ணம் பிற்பாடு தோல் போல உரிந்து வரும்.

அச்சுக் கோடுகளைக் கத்தியின் பின்பக்கத்தால் சுரண்டுங்கள். ஜானிசரித் தொப்பியின் பின்மடிப்பில் ஓடும் கோட்டை விடவே விடாதீர்கள். வெள்ளைப் பரப்பில் அந்தக் கோடு தழும்பு போலத் தெரியும். உலோகத்தை அராவும்போது முகக்கவசம் போடுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள். பழைய வார்ப்புகளில் ஈயம் இருக்கும்.

கேடயம், ஈட்டி, குதிரைமேல் உட்காரும் ஆள் இவற்றை இப்போது ஒட்ட வேண்டாம். கேடயத்தை ஒட்டிவிட்டால் நெஞ்சுக்குள் தூரிகை போகாது. ஆளைக் குதிரையில் ஒட்டிவிட்டால் சேணத் துணியின் பாதி கையில் சிக்காது. ஒவ்வொரு பொம்மையையும் ஒரு பாட்டில் மூடியில் துளி பசையால் நிறுத்தி, மூடியைப் பிடித்தே வேலை செய்யுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் சீக்கிரம் தேயும்.

5. பிரைமர்: கறுப்பு வேண்டாம்

பிரைமர் என்பது வண்ணம் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சு. இந்தப் படைக்குத் தந்த வெள்ளை அல்லது எலும்பு நிறப் பிரைமர்தான் சரி. சிவப்பும் மஞ்சளும் மூடும் திறன் குறைந்த வண்ணங்கள். கறுப்பின்மேல் சிவப்பு பூச நான்கு அடுக்கு ஆகும். எலும்பு நிறத்தின்மேல் இரண்டில் முடியும். 60 பொம்மைகளுக்கு அது எத்தனை மாலைகள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கவசக் குதிரையை மட்டும் கறுப்பில் தொடங்கலாம், மேலே வருவது உலோக வண்ணம் என்பதால்.

20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, பக்கவாட்டில் வீசியபடி மெல்லிய இரண்டு அடுக்கு அடியுங்கள். அருகில் அடித்தால் முகம் மூழ்கும். தூரத்தில் அடித்தால் துளி வழியிலேயே காய்ந்து, பொம்மைமேல் மணல் தூவியது போல ஆகும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஸ்ப்ரே பனி படர்ந்தது போல வெளுத்துவிடும். சென்னை மாதிரி கடலோர ஊரில் இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரேயைத் தொட வேண்டாம். புட்டியில் வரும் பிரைமரைத் தூரிகையால் பூசிக்கொள்ளுங்கள். நேரம் கூட ஆகும், ஆனால் பொம்மை தப்பிக்கும்.

6. முகம்

உள்ளிருந்து வெளியே என்பது பொது விதி. தோல் முதலில், சட்டை அடுத்து, கோட்டு, பிறகு பெல்ட். ஆழமான இடத்தை முதலில் முடித்தால், அதில் சிந்தியதை வெளி அடுக்கு மறைத்துவிடும்.

தோல் நிறத்தில் ஒரு பொதுத் தவறு உண்டு. "துருக்கியர்" என்றதும் எல்லா முகத்துக்கும் அடர் பழுப்பு. அன்றைய ஜானிசரிகளில் பெரும்பாலோர் தெவ்ஷிர்மே முறையில் பால்கன் பகுதியின் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து எடுக்கப்பட்ட சிறுவர்கள். செர்பியா, போஸ்னியா, அல்பேனியா பக்கத்தவர்கள். வெளிர் தோலும் வெயில் பட்ட கன்னமும்தான் பொருந்தும். சிபாஹிகளில் வெளிர் முதல் மாநிறம் வரை கலந்து பூசுங்கள்.

ஜானிசரிக்கு மீசை உண்டு, சாதாரண வீரனுக்குத் தாடி கிடையாது. தோல் நிறத்தில் ஒரு துளி சாம்பல் நீலம் சேர்த்து, தண்ணீராகக் கரைத்து, தாடையில் மட்டும் ஒரு முறை தடவுங்கள். மழித்த முகம் என்று உடனே தெரியும். சிபாஹிகளுக்கும் அதிகாரிகளுக்கும் தாடி வையுங்கள்.

7. ஜானிசரி: சிவப்பு முதலில், வெள்ளை கடைசியில்

எட்டு எட்டாகப் பூசுங்கள். எட்டுக்கு மேல் போனால் ஒரே நிறத்தைத் திரும்பத் திரும்பப் பூசி மனம் சோர்ந்துவிடும். குறைவாக எடுத்தால் அடுக்கு காயும்வரை சும்மா உட்கார வேண்டும். எட்டாவதை முடிக்கும்போது முதலாவது காய்ந்திருக்கும்.

கோட்டுக்கு மூன்று படி. அடர் செம்பழுப்பை முழுக்கப் பூசுங்கள். காய்ந்ததும் நடுச் சிவப்பை மடிப்பின் பள்ளங்களை விட்டுவிட்டு மேட்டில் மட்டும். கடைசியாக அதே சிவப்பில் கொஞ்சம் ஆரஞ்சு கலந்து முழங்கை, தோள், மடிப்பு விளிம்பு. சிவப்பை வெளுக்க வெள்ளை கலக்காதீர்கள், ரோஜா நிறமாகிவிடும். வண்ணம் பால் பதத்தில் இருக்க வேண்டும். தட்டில் இழுத்தால் கோடு தெரிய வேண்டும், ஆனால் மேடு கட்டக் கூடாது.

கோட்டின் முன்முனைகளை இடுப்பில் தூக்கிச் செருகியிருப்பார்கள். அங்கே கோட்டின் உள்பக்கம் தெரியும். அந்தத் துண்டுக்கு வேறு நிறம் கொடுங்கள். சிவப்புக் கோட்டுக்குக் கடுகு மஞ்சள் உள்துணி, நீலக் கோட்டுக்குச் சிவப்பு. அரை நிமிட வேலைதான், பொம்மைக்கு உயிர் வந்துவிடும். காலணி அதிகாரிக்கு மஞ்சள், மற்றவர்களுக்குச் சிவப்பு.

அப்புறம்தான் தொப்பி. பொர்க் என்ற இந்த வெள்ளைக் கம்பளித் தொப்பிதான் ஜானிசரியின் அடையாளம். நெற்றிக்கு மேலே எழும்பி, சட்டைக் கை போலப் பின்னால் மடிந்து முதுகில் விழும். மேசையில் எதிரே உட்கார்ந்தவர் கண்ணுக்கு முகமோ மீசையோ தெரியாது. வரிசையாக 24 வெள்ளைத் தொப்பிகள்தான் தெரியும். ஆகவே முகத்தைவிடத் தொப்பிக்கு நேரம் கொடுங்கள்.

ஏன் கடைசியில்? வெள்ளைத் தூரிகை தவறி சிவப்பில் பட்டால் ஒரு தொடுதலில் மறைத்துவிடலாம். சிவப்பு வெள்ளையில் பட்டால் மூன்று அடுக்கு போட்டாலும் கீழிருந்து எட்டிப் பார்க்கும்.

தந்த வெள்ளையில் கொஞ்சம் பழுப்பும் கொஞ்சம் சாம்பலும் கலந்து, பழைய பருத்தி வேட்டி நிறத்தில் முழுத் தொப்பியையும் பூசுங்கள். அடுத்து சுத்தமான தந்த வெள்ளை. பின்மடிப்பு வளைகிற இடத்தின் அடிப்பகுதியையும் முதுகைத் தொடும் ஓரத்தையும் மட்டும் விட்டுவிடுங்கள். மூன்றாவதாகப் பளிச் வெள்ளை, உச்சியில் வளைவு திரும்பும் அந்த ஒரு கோட்டில் மட்டும், நகத்தின் பிறை அளவுக்கு. தொப்பி முழுக்கப் பளிச் வெள்ளை அடித்தால் அது பிளாஸ்டிக் போலத் தெரியும்.

பழுப்பு வாஷை இங்கே கொண்டுவரக் கூடாது. ஒரு தம்பி 30 ஜானிசரிகளை அழகாகப் பூசி முடித்து, கடைசியில் வாஷ் புட்டியை எடுத்துத் தலை முதல் கால் வரை எல்லாவற்றுக்கும் ஓட்டினார். தொப்பிகள் எல்லாம் டீயில் நனைத்தது போல ஆகிவிட்டன. 30 தொப்பிகளையும் திரும்பப் பூச வேண்டியிருந்தது. வாஷ் கோட்டுக்கு, தோலுக்கு, பெல்ட்டுக்கு. தொப்பியில், நெற்றிப்பட்டை வெள்ளையைத் தொடும் கோட்டில் மட்டும் 0 எண் தூரிகையால் ஒரு இழை.

நெற்றிப்பட்டைக்கு முதலில் கடுகுப் பழுப்பு, மேலே தங்கம். தங்க வண்ணத்தை நேராக வெள்ளையில் பூசினால் திட்டுத் திட்டாகத் தெரியும். நெற்றிக்கு நடுவே நிற்கும் உலோகக் குழலை மறக்காதீர்கள். அது ஜானிசரி தன் கரண்டியைச் செருகி வைக்கும் இடம். சோறும் அண்டாவும் இவர்கள் படையில் அவ்வளவு பெரிய விஷயம். அதிகாரியின் பட்டமே சோர்பஜி, சூப் சமைப்பவர்.

8. சிபாஹியும் குதிரையும்

குதிரைகளைத் தனியாக, ஆட்களுக்கு முன்பே முடியுங்கள். குதிரை பெரிய பரப்பு, டிரை பிரஷ் தூசி பறக்கும். முடிந்த ஆளின்மேல் அது படிந்தால் வருத்தம்தான்.

12 குதிரைகளுக்கு 5 செம்பழுப்பு, 3 அடர் பழுப்பு, 3 சாம்பல், 1 கறுப்பு என்று பிரியுங்கள். செம்பழுப்புக் குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே கறுப்பு, பிடரியும் வாலும் கறுப்பு. சாம்பல் குதிரையில் ஒன்றிரண்டுக்கு வாலை மருதாணி நிறமாக்குங்கள். அப்படிச் சாயமேற்றும் வழக்கம் அங்கே இருந்தது. துரு நிறத்தைத் தண்ணீராகக் கரைத்து, நுனியில் இரண்டு முறை, மேலே போகப் போக ஒரு முறை. தளபதியின் குதிரைக்கு இது ரொம்பப் பொருந்தும்.

சங்கிலிக் கவசத்துக்குக் கறுப்பு அடி, எஃகு நிறத்தில் டிரை பிரஷ், பழுப்பு வாஷ். தகடுகளின் விளிம்பில் தங்கக் கோடு. தலைக்கவசத்திலும் குதிரையின் முகத்தகட்டிலும் முழுத் தங்கமே பூசலாம். செம்பின்மேல் தங்கமுலாம் பூசிய தொம்பாக் வேலை ஒட்டோமான்களின் சிறப்பு. ஆனால் 12 பேரில் இருவருக்கு மேல் வேண்டாம். எல்லாரும் மின்னினால் தளபதி காணாமல் போய்விடுவார்.

கேடயம்தான் இந்தப் படையில் எனக்குப் பிடித்த வேலை. கல்கான் என்ற வட்டக் கேடயம், பிரம்பை வளையமாகச் சுற்றி, மேலே பட்டு நூல் இழைத்தது. நடுவில் உலோகக் குமிழ். வளையங்களைக் கையால் வட்டமாக வரைய முயன்றால் கோணும். கேடயத்தின் பின்னால் குண்டூசி ஒன்றை ஒட்டி, கையால் திருகும் சின்ன டிரில்லில் மாட்டுங்கள். தூரிகைக் கையை மேசை விளிம்பில் ஊன்றி, நுனியைக் கேடயத்தில் தொட்டபடி அசைக்காமல் வைத்துக்கொண்டு டிரில்லை மட்டும் சுற்றுங்கள். குயவன் சக்கரத்தில் கோடு விழுவது போல வளையம் தானாக விழும். சிவப்பு, தந்தம், பச்சை என்று மூன்று வளையம், அதன்மேல் மையத்திலிருந்து வெளியே போகும் சில மெல்லிய கோடுகள்.

நிறங்களுக்கு மாதிரி வேண்டுமென்றால் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவ அருங்காட்சியகத்தில் உள்ள துருக்கியப் போர்ப்பொருள்களின் படங்களைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டுப் பொருள்கள் அவற்றில் மிகுதி. சேணத் துணியும் கேடயமும் எப்படி வேலைப்பாடு செய்யப்பட்டன என்பது அங்கே நன்றாகப் புரியும்.

9. அசாப்களும் பீரங்கியும்

இவற்றில் நேரம் கொட்ட வேண்டாம். அசாப்கள் எளிய காலாட்கள். பழுப்பு, மங்கிய நீலம், சாயமில்லாத துணி நிறம். இவர்கள் மங்கலாக இருந்தால்தான் ஜானிசரிகள் எடுப்பாகத் தெரிவார்கள். பீரங்கிக் குழலுக்குச் செம்பழுப்பின்மேல் வெண்கலம், சந்துகளில் வாஷ். வண்டிக்குச் சாதாரண மர நிறம்.

10. கொடியும் துக்கும்

காகிதத்தில் அச்சிட்ட கொடியே போதும். இரு பக்கமும் ஃபெவிகால் தடவி, கம்பத்தில் மடித்து ஒட்டி, ஈரம் இருக்கும்போதே விரலால் அலை போல வளையுங்கள். காய்ந்த பிறகு வளைத்தால் மடிப்பில் வெடிக்கும். அப்புறம் காகிதத்தின் வெள்ளை விளிம்பைக் கொடியின் நிறத்திலேயே பூசுங்கள். நிறையப் பேர் விட்டுவிடுவது இதைத்தான்.

கையால் வரைவதென்றால் பிறை, வட்டம், இரட்டை முனை சுல்ஃபிகார் வாள் போதும். அரபு எழுத்தைக் கிறுக்கலாக வரையாதீர்கள். அந்தக் கொடிகளில் இருந்தவை புனித வாசகங்கள். படிக்கத் தெரிந்தவர் முன்னால் பொருளில்லாத கோடுகளை வைப்பது மரியாதை இல்லை. அரண்மனைக் குதிரைப்படையில் சிபாஹி பிரிவுக்குச் சிவப்புக் கொடி, சிலாஹ்தார் பிரிவுக்கு மஞ்சள்.

தளபதிக்குப் பக்கத்தில் துக் நிற்க வேண்டும். தங்கக் குமிழ் வைத்த கம்பத்தில் தொங்கும் குதிரைவால். சஞ்சாக் (மாகாணத்தின் உட்பிரிவு) தலைவருக்கு ஒன்று, மாகாண ஆளுநரான பெய்லர்பெய்க்கு இரண்டு, வஜீருக்கு மூன்று. உங்கள் தளபதி யார் என்று முடிவு செய்துவிட்டு அத்தனை வையுங்கள். மூன்று அழகாக இருக்கிறது என்று சின்னத் தலைவருக்கு மூன்று வைத்துவிடாதீர்கள்.

11. வார்னிஷ், பேஸ், கடைசி ஒட்டு

முதலில் கிளாஸ், ஒரு நாள் காய்ந்த பிறகு மேட். கிளாஸ் தேய்மானத்தைத் தாங்கும், மேட் பளபளப்பை அடக்கும். மேட் உலோகத்தையும் மங்கவைக்கும் என்பதால், அது காய்ந்த பிறகு தலைக்கவசம், வாள், கேடயக் குமிழ் இவற்றில் மட்டும் ஒரு தொடுதல் கிளாஸ். கொடிகளை வார்னிஷுக்குப் பிறகே ஒட்டுங்கள். சில வார்னிஷ்களில் அச்சு மை கசியும்.

பேஸுக்கு ஃபெவிகால் தடவி ஆற்றுமணலைத் தூவுங்கள். காய்ந்ததும் அடர் பழுப்பு, பிறகு வெளிர் பழுப்பு டிரை பிரஷ். மொஹாச் என்றால் ஆகஸ்ட் கடைசி, டான்யூப் ஓரத்துச் சமவெளி. காய்ந்த மஞ்சள் புல் பாதி, பச்சை பாதி, அங்கங்கே சேறு. பேஸின் ஓரத்துக்கு எல்லாப் பிரிவுகளிலும் ஒரே பழுப்பு. அது ஒன்று மாறினாலும் படை இரண்டு பேருடையது போலத் தெரியும்.

ஈட்டியும் கேடயமும் எல்லாவற்றுக்கும் கடைசியில். வார்ப்பு ஈட்டி வளையும். அதற்குப் பதில் எஃகுக் கம்பி வைத்தால் உறுதி, ஆனால் விரலைக் குத்தும். நுனியைக் கொஞ்சம் மழுக்கிக்கொள்ளுங்கள். பேஸுக்கு அடியில் காந்தத் தாள், பெட்டியில் இரும்புத் தகடு இருந்தால் வண்டியில் கொண்டுபோகும்போது ஒன்றோடொன்று மோதாது. விளையாட வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: ஆளையோ ஈட்டியையோ தொட வேண்டாம், பேஸின் ஓரத்தைப் பிடித்து நகர்த்துங்கள்.